பழைய தமிழ்க் கோப்பைத் திறக்க எந்த எடிட்டர்?

திருகோணமலையில் கோயில் மலர், பாடசாலை ஆண்டிதழ், சங்க அறிக்கை என்று எத்தனையோ பழைய கோப்புகள் இன்னும் சிடியிலும் பென்டிரைவிலும் கிடக்கின்றன. என்.சி. வீதிப் பக்கம் டைப்செட்டிங் வேலை செய்கிற என்னிடம் அவற்றைக் கொண்டு வருகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: "திறந்தா ஒண்டும் விளங்குதில்லை தம்பி." ஊர்ப் பெரியவர்கள் எழுதிய சில கட்டுரைகளுக்கு அந்தக் கோப்பை விட்டால் வேறு பிரதியே இல்லை. அதனால் எந்த எடிட்டரில் திறக்கிறோம் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

முதலில் திரையில் தெரியும் குப்பையைக் கவனியுங்கள். தலையில் கோடு போட்ட சின்ன ஏயும், அதற்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆரும் திரும்பத் திரும்ப வந்தால் அது யூனிகோட் கோப்பு. யூனிகோடைச் சேமிக்கும் வழக்கமான முறையான யூடிஎப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே, அதனால்தான் அந்த வாய்ப்பாடு. ஆங்கிலப் பகுதி ஒழுங்காக இருந்து, தமிழ்ப் பகுதி மட்டும் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால், யூனிகோடுக்கு முன்பு புழங்கிய தமிழ்க் குறியாக்கமான திஸ்கியாக இருக்கலாம். வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தால், நம் நாட்டில் பெரும்பாலும் பாமினி எழுத்துரு.

விண்டோஸ் நோட்பேட் முதல் வகைக்குப் போதும். திறக்கும் பெட்டியிலேயே குறியாக்கத்தை, அதாவது எழுத்துகளைப் பைட்டாக எழுதிவைக்கும் முறையை (என்கோடிங்) தேர்ந்தெடுக்கலாம். 2019இல் வந்த விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து யூடிஎப்-8இலேயே சேமிக்கிறது. அதற்கு முந்தியதில் ஆன்சிதான் இயல்பு; அந்தப் பழைய விண்டோஸ் குறியாக்கத்தில் தமிழுக்கு இடமில்லை. ஒரு மலருக்கான கட்டுரையை அப்படி ஆன்சியில் சேமித்து, வந்த எச்சரிக்கைக்கும் சரி கொடுத்துவிட்டு ஒருவர் என்னிடம் வந்தார். கட்டுரையின் நான்கு பக்கங்களிலும் வெறும் கேள்விக்குறி. அதை எந்த எடிட்டராலும் மீட்க முடியாது.

மைக்ரோசாப்டின் விஎஸ் கோட் எடிட்டர் பார்க்க வசதியானது. கீழ்ப் பட்டையில் குறியாக்கத்தின் பெயரை அழுத்தி, வேறு குறியாக்கத்தில் மீண்டும் திறக்கலாம். ஆனால் பட்டியலில் திஸ்கி இல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, திஸ்கிக் கோப்பை யூடிஎப்-8 என்று திறந்து, கறுப்பு வைரக் குறிகள் தெரியும்போதே சேமித்துவிடுவது. மூல பைட்டுகள் அந்தக் குறியாகவே எழுதப்பட்டுவிடும்.

நோட்பேட்++ என்ற இலவச எடிட்டரிலும் திஸ்கி இல்லை. ஆனாலும் கடையில் தினமும் நான் திறப்பது இதைத்தான். குறியாக்கத்தை மாற்றி வாசிப்பது ஒன்று, கோப்பையே வேறு குறியாக்கத்துக்கு மாற்றுவது இன்னொன்று என்று மெனுவிலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிக் கோப்புகள் கெடுகின்றன. அது சில நேரம் குறியாக்கத்தைத் தப்பாக ஊகிக்கும். அமைப்புகளில் அந்தத் தானியங்கி ஊகத்தை நிறுத்திவிடுங்கள்.

திஸ்கிக்கு என் தெரிவு லினக்ஸில், டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் ஓடும் விம் எடிட்டர். அங்குள்ள, குறியாக்கம் மாற்றித் தரும் ஐகான்வ் நூலகத்துக்குத் திஸ்கி தெரியும், விம் அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. முக்காற்புள்ளி, ஈ, ஓர் இடைவெளி, இரண்டு கூட்டல்குறி, ஈ-என்-சி, சமக்குறி, டி-எஸ்-சி-ஐ-ஐ என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் போதும். திஸ்கியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், யூனிகோடில் பின்னால். அந்த இடமாற்றமும் சேர்ந்தே நடந்துவிடும். சேமிக்கும் முன் கோப்பின் குறியாக்கத்தை யூடிஎப்-8 என்று மாற்ற மறக்கக் கூடாது, இல்லாவிட்டால் திரும்பவும் திஸ்கியாகவே எழுதும். டெர்மினலில் தமிழ் எழுத்து நசிந்துதான் தெரியும். மாற்றிய பிறகு வேறு எடிட்டரில் வாசியுங்கள்.

அப்புறம் பாமினி. இங்கே நான்கும் தோற்கும், ஏனென்றால் பாமினி ஒரு குறியாக்கமே அல்ல, எழுத்துரு. "தமிழ்" என்பது கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கணினிக்கு அது சுத்தமான ஆங்கிலம், ஊகிக்க அதில் ஒன்றும் இல்லை. நோட்பேட்++இல் எழுத்துருவைப் பாமினி ஆக்கினால் வாசிக்கலாம். நிரந்தரமாக மாற்றப் பாமினி–யூனிகோட் மாற்றி ஒன்றுதான் வழி.

நம் ஊரில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே அறிவித்தலில் தமிழ் பாமினியிலும் சிங்களம் எப்எம் அபயவிலும் இருக்கும். இரண்டும் ஒரே ஆங்கில எழுத்துகளைத்தான் எடுத்துக்கொள்கின்றன. வேர்ட் கோப்பில் எழுத்துருவின் பெயர் கூடவே இருப்பதால் பிரிக்கலாம். வெறும் டெக்ஸ்ட் கோப்பாக்கியதும் அந்த அடையாளம் போய்விடும். அதனால் கோப்போடு அச்சான பிரதி ஒன்றையும் கொண்டு வரச் சொல்கிறேன். எந்த வரி தமிழ், எந்த வரி சிங்களம் என்று அதைப் பார்த்துத்தான் பிரிக்கிறேன்.