கெர்னலுக்கு மெயிலா, பைத்தானுக்கு புல் ரிக்வெஸ்ட்டா?

பத்து வரியில் ஒரு பிழைத்திருத்தம் கையில் இருக்கிறது. லினக்ஸ் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) என்றால் மெயிலில் பேட்ச் (எந்த வரி மாறியது என்று காட்டும் துண்டு), சிபைத்தான் (பைத்தான் மொழியை ஓட்டும் மூல நிரல்) என்றால் கிட்ஹப் தளத்தில் புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை). கிட்ஹப்தான் சுலபம் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். திறப்பது சுலபம்தான், மெர்ஜ் ஆவது, அதாவது மூல நிரலில் சேர்வது, வேறு கதை.

கெர்னலில் முதல் நாளே மூச்சு வாங்கும். பேட்ச்சை மெயிலில் அனுப்பும் கிட் சென்ட்-இமெயில் அமைக்க வேண்டும், எழுதிய விதம் சரியா என்று பார்க்கும் செக்பேட்ச் ஓட்ட வேண்டும், விளக்கத்தின் அடியில் சைன்ட்-ஆஃப்-பை வரி (இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்ற உறுதி) வேண்டும். என் முதல் பேட்ச்சை பிரவுசரில் மெயில் பெட்டிக்குள் அப்படியே ஒட்டி அனுப்பினேன், டேப் எல்லாம் ஸ்பேஸாகிப் போய் யாருக்கும் அப்ளை ஆகவில்லை (இப்படி ஆகும் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது, படித்தால்தானே!). ஆனால் யாரைக் கேட்பது என்ற குழப்பம் மட்டும் இங்கே கிடையாது. கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட்டிடம் பேட்ச்சைக் கொடுத்தால், அந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு, எந்த மெயில் லிஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று பெயரோடு சொல்லிவிடும்.

சிபைத்தானில் ஒருமுறை சிஎல்ஏ (பங்களிப்பவர் ஒப்பந்தம்) கையெழுத்து, தலைப்பில் இஷ்யூ எண் (பிழைப் பதிவின் எண்), பெரும்பாலும் பிளர்ப் கருவியால் மாற்றத்தைச் சொல்லும் ஒரு நியூஸ் துணுக்கு, அவ்வளவுதான். ஏதாவது விட்டுப்போனால் பாட் (தானாகச் சரிபார்க்கும் நிரல்) உடனே சிவப்பு காட்டும். மனிதர் எப்போது பார்ப்பார் என்பதைத்தான் எந்த பாட்டும் சொல்லாது. ஒரு மாதம் யாரும் வாய் திறக்காவிட்டால் பிங் செய்யலாம் (நினைவூட்டலாம்) என்கிறது அவர்களுடைய வழிகாட்டி. கெர்னலில் குறைந்தது ஒரு வாரம், அதுவும் அடுத்த வெளியீட்டுக்கான மாற்றங்களைச் சேர்க்கும் இரண்டு வார மெர்ஜ் விண்டோ ஓடும்போது இன்னும் பொறுக்க வேண்டும்.

ஆட்கள் அதிகம் சறுக்குவது ரிவ்யூ வந்த பிறகு. கெர்னலில் "முந்தைய பேட்ச்சில் இருந்த தப்பைத் திருத்தினேன்" என்று மேலே இன்னொரு பேட்ச் போட்டால் எடுபடாது, மொத்தத்தையும் திருத்தி வி2 (இரண்டாம் பதிப்பு) என்று புதிதாக அனுப்ப வேண்டும், என்ன மாறியது என்பதை விளக்கத்துக்கு அடியில் வரும் மூன்று கோட்டுக்குக் (---) கீழே எழுத வேண்டும், ஏனென்றால் அந்தப் பகுதி மாற்றங்களைச் சேமிக்கும் கிட் கருவியின் வரலாற்றில் ஏறாது, ரிவ்யூ செய்பவர் கண்ணுக்கு மட்டும்தான். சிபைத்தானில் நேர் எதிர்: மெர்ஜ் செய்யும்போது எல்லா கமிட்டையும் (சேமித்த மாற்றங்களையும்) ஸ்குவாஷ் செய்து ஒன்றாக்கிவிடுவார்கள், அதனால் திருத்தத்தைப் புது கமிட்டாகவே சேர்க்க வேண்டும். கெர்னல் பழக்கத்தில் ரீபேஸ் அடித்து (பழைய கமிட்களை மாற்றி எழுதி) ஃபோர்ஸ் புஷ் செய்தால் (மேலெழுதினால்), நேற்று எதுவரை படித்தோம் என்று பாவம் அந்த மனிதர் முதலிலிருந்து தேட வேண்டும். இரண்டு இடத்திலும் காப்பாற்றுவது அவருடைய நேரத்தைத்தான், வழிதான் வேறு.

என்னைக் கேட்டால், முதல் தடவை அனுப்புபவருக்கு சிபைத்தான் நல்லது, கூடவே ஒரு டெஸ்ட்டும் இருந்தால். அதே ஆள் வருஷம் முழுக்க அனுப்பப்போகிறார் என்றால் கெர்னல்தான் என்பேன். அமைக்கும் தலைவலி ஒருமுறைதான், அப்புறம் எந்த கமிட்டால் பிழை வந்தது என்று அந்த கமிட்டின் அடையாளமான ஹேஷின் முதல் 12 எழுத்தோடு ஃபிக்ஸஸ் வரி போட்டு அனுப்பினால், இன்னும் பராமரிக்கப்படும் எந்தப் பழைய ஸ்டேபிள் வெளியீடு வரை இந்தத் திருத்தம் போக வேண்டும் என்பதுகூட அவர்களுக்கு அதிலேயே தெரிந்துவிடும்.