மூளையும் தசையும் ஒரே கடிகாரத்தில்: இஇஜி–இஎம்ஜி கூட்டுப் பதிவுச் சேவை பற்றி

என் தம்பிக்குப் பதினோராம் வயதில் தொடங்கிய உதறல், உன்வெரிக்ட்–லுண்ட்போர்க் நோய்தான் (பரம்பரையாக வரும், உதறலோடு கூடிய ஒருவகை வலிப்பு நோய்) என்று மரபணுப் பரிசோதனையில் உறுதியாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. 21ஆம் குரோமோசோமில் உள்ள சிஎஸ்டிபி மரபணுவின் இரு பிரதிகளும் பழுதுபட்டால்தான் இந்நோய் வரும். வால்புரோயேட் என்ற வலிப்புத் தடுப்பு மருந்தை எடுத்துக்கொண்டிருந்த அவனுக்கு அண்மையில் விரல்கள் இடைவிடாமல் நடுங்கத் தொடங்கின. அந்த மருந்தே நடுக்கத்தை உண்டாக்கக்கூடியது என்பதால், மருந்தைக் குறைப்பதா, நோய் முற்றுகிறது என்று கொள்வதா என்ற குழப்பத்துக்கு விடை தேடியே, மூளை மின்னலையையும் (இஇஜி) தசை மின்பதிவையும் (இஎம்ஜி) சேர்த்தெடுக்கும் ஒரு மையத்துக்குச் சென்றோம்.

வழக்கமான இஇஜி அவனுக்குப் பலமுறை எடுத்தாயிற்று. அதில் தசை என்ன செய்கிறது என்பது தெரியாது. இங்கே தலையில் மின்முனைகளைப் பொருத்தியதோடு, முன்கையிலும் கட்டைவிரல் அடியிலும் தோலைச் சொரசொரப்பான பசையால் தேய்த்து மின்முனைகளை ஒட்டி, இரண்டையும் ஒரே கருவியில் இணைத்தார்கள். மில்லிசெகண்ட் கணக்கில் ஒப்பிட வேண்டியிருப்பதால் இரு பதிவுகளுக்கும் கடிகாரம் ஒன்றாக இருப்பது இன்றியமையாதது. தொழில்நுட்பர் அவசரப்படாமல் ஒவ்வொரு முனையின் மின்தடையையும் சரிபார்த்தது எனக்கு நிறைவளித்தது.

கையை மடியில் வைத்திருந்தவரை தசைக்கோடு கிட்டத்தட்ட நேராகவே ஓடியது. பாதி நீருள்ள குவளையைத் தூக்கச் சொன்னதும், கோட்டில் ஊசி ஊசியாகக் குத்துகள் எழுந்தன. நீர் மணிக்கட்டில் சிந்தியது. ஒவ்வொரு குத்தும் 50 மில்லிசெகண்டுக்கும் குறைவாகவே நீடித்தது. அவற்றின் இடைவெளிகளும் ஒழுங்கில்லாமல் இருந்தன. மருந்தால் வரும் நடுக்கமானால் சீரான தாளம் தெரிந்திருக்கும். இடையிடையே தசை ஒரு கணம் முற்றிலும் அடங்கிப்போனதையும் காட்டினார்கள். கையிலிருப்பதை அவன் நழுவவிடுவது கவனக்குறைவால் அல்ல என்று வீட்டில் எத்தனை முறை வாதாடியிருப்பேன்!

குத்துக்கு முன் மூளையில் நிகழ்வதை வெறுங்கண்ணால் காண முடியவில்லை. அதற்காக, நூற்றுக்கும் மேற்பட்ட உதறல்களின் தொடக்கப் புள்ளியை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி, அதற்கு முந்தைய மின்னலைகளைச் சராசரியாக்கினார்கள். ஜப்பானிய மருத்துவர்கள் ஷிபசாகியும் குரோய்வாவும் 1975இல் அறிமுகப்படுத்திய இம்முறையில், தொடர்பற்ற அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, கை அசைவதற்கு ஏறத்தாழ 20 மில்லிசெகண்ட் முன்பு எதிர்ப்பக்க இயக்கப் புறணியில் (மூளையின் மேலடுக்கில் அசைவை ஏவும் பகுதியில்) எழும் கூர் அலை தனித்துத் தெரிந்தது. கட்டளை புறணியிலிருந்து கைத்தசைக்குச் சென்று சேர ஆகும் நேரமே அது. கையைச் சீராக நீட்டியிருக்கும்போது எல்லோருக்குமே மூளையும் தசையும் 15 முதல் 30 ஹெர்ட்ஸ் வரையிலான தாளத்தில் ஓரளவு இணைந்து இயங்கும். அவனுக்கோ அந்தப் பிணைப்பு அளவுக்கு மீறி இருந்தது. ஆக, அவனுடைய நடுக்கம் புறணியில் பிறக்கும் நுண்ணிய உதறல்களே என்பது தெளிவாயிற்று. வால்புரோயேட்டைக் குறைக்கும் யோசனையும் கைவிடப்பட்டது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். நடக்கும்போது கால் வெட்டுவதுதான் அவனுக்குப் பெரிய தொல்லை என்று படிவத்தில் எழுதியிருந்தும், காலில் ஒரு மின்முனைகூட வைக்கவில்லை. கேட்டபோது, அன்றைய திட்டம் கைக்கு மட்டுமே என்றார்கள். அதைவிட வருத்தம் தந்தது அறிக்கை. திரையில் அவ்வளவு விளக்கமாகக் காட்டியதை, 'புறணி சார்ந்த மயோகுளோனஸுடன் (உதறலின் மருத்துவப் பெயர்) பொருந்துகிறது' என்ற ஒற்றை வரியில் முடித்திருந்தார்கள். சராசரி வரைபடமும் கால இடைவெளியும் வேண்டுமென்று இருமுறை எழுதிக் கேட்ட பிறகே கிடைத்தன. ஒளிச்சிமிட்டல் சோதனையின்போது உதறல் வலுக்கக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தால், தம்பி அவ்வளவு மிரண்டிருக்க மாட்டான்.

பதிவின் தரத்துக்காக இம்மையத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் எந்தெந்தத் தசைகளைப் பதிவு செய்வார்கள், வரைபடங்கள் அறிக்கையோடு வருமா என்ற இரண்டையும் முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காலுக்கான பதிவுக்கு எங்களுக்கு வேறொரு நாள் குறித்திருக்கிறார்கள்.