ஃபூபார்2000 கன்வர்ட்டர்: ஃப்ளாக் எம்பி3 ஆகும்போது பாடலாசிரியர் பெயர் தங்குகிறதா?

ஒலித் தரம் இழக்காமல் சேமிக்கும் ஃப்ளாக் கோப்புகளைச் சிறிய எம்பி3 ஆக்கித் தரும் மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன. ஒலியைப் பொறுத்தவரை பெரும்பாலானவை உள்ளே வைத்திருப்பது எம்பி3 உருவாக்கும் அதே லேம் என்கோடரைத்தான் என்பதால் காதுக்கு வித்தியாசம் தெரியாது. டேக், அதாவது கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும் பாட்டு விவரம், இந்த விஷயத்தில்தான் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம். தமிழ்த் திரைப்பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டால் பாடகர்கள், இசையமைப்பாளர், பாடலாசிரியர், படத்தின் பெயர், ஆண்டு, அட்டைப்படம் என்று இத்தனை விவரம் அதில் சேர்ந்திருக்கிறது. மாற்றி முடித்த பிறகு பாட்டின் பெயரும் ஒரு பாடகரும் மட்டும் மிஞ்சினால், இசையமைப்பாளர் வாரியாகவோ பாடலாசிரியர் வாரியாகவோ தேட வழியே இல்லை. விண்டோஸுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஃபூபார்2000 பிளேயரில் உள்ள கன்வர்ட்டர் இந்த விவரங்களைக் காப்பாற்றுவதில் முதல் தரம். ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும்.

முதலில் பிளேயரை நிறுவிவிட்டு, அதே தளத்தில் தனியாக இருக்கும் ஃப்ரீ என்கோடர் பேக்கையும் நிறுவ வேண்டும். அதை விட்டுவிட்டால், எம்பி3 ஆக மாற்றச் சொன்னதும் லேம் எங்கே இருக்கிறது என்று கேட்டு நின்றுவிடும். பிறகு பாட்டுகளைத் தேர்ந்து, ரைட் கிளிக் செய்து, கன்வர்ட் மெனுவில் மூன்று புள்ளி போட்ட வரியைத் திறந்தால் நான்கு பகுதிகள் வரும். அவுட்புட் ஃபார்மேட்டில் எம்பி3, தரத்துக்கு லேமின் வி2 நிலை போதும். சராசரியாக நொடிக்கு 190 கிலோபிட் (கேபிபிஎஸ்) அளவில் வரும். டெஸ்டினேஷனில் புதிய ஃபோல்டரைக் காட்டுங்கள், மூலக் கோப்பு இருக்கும் இடத்தையே காட்ட வேண்டாம். ப்ராசஸிங்கைத் தொடாமல் விடுங்கள். கடைசியாக உள்ள ‘அதர்’ பகுதியைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை, டேக் போவதும் நிற்பதும் முடிவாவது அங்கேதான். மெட்டாடேட்டா (டேக் விவரங்கள்), பாட்டுகளின் சத்தத்தைச் சமப்படுத்தும் ரீப்ளேகெயின் விவரம், ஒட்டிய படங்கள் ஆகிய மூன்றையும் கொண்டுபோகச் சொல்லும் டிக்குகள் போட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துவிடலாம், அடுத்த முறை மெனுவிலேயே அந்தப் பெயர் நிற்கும்.

இந்தக் கன்வர்ட்டரில் டேக் உதிராமல் இருக்க ஒரு காரணம் உண்டு. பழைய முறையில் ஃப்ளாக்கை முதலில் வேவ் கோப்பாக விரித்து, அந்த வேவை எம்பி3 ஆக்குவார்கள். நடுவில் வரும் அந்த வேவ் பெரும்பாலும் ஒலியை மட்டும்தான் சுமந்து வரும், டேக் அங்கேயே அறுந்துபோகும். ஃபூபார் ஒலியை மட்டும் என்கோடருக்கு ஊட்டிவிட்டு, கோப்பு முடிந்ததும் தன்னிடம் உள்ள விவரங்களைத் தானே அதில் எழுதுகிறது. எழுதும்போது புதிய வடிவத்தில் எந்த விவரத்துக்கு எது சரியான இடம் என்று பார்த்து வைக்கிறது. ஃப்ளாக்கில் பாட்டின் வரிசை எண்ணும் மொத்தப் பாட்டு எண்ணிக்கையும் தனித்தனிப் புலங்கள். எம்பி3யில் 3/12 என்று சேர்ந்து ஒரே இடத்தில் உட்கார வேண்டும். அதைச் சரியாகச் செய்கிறது. முழு ஆல்பமும் ஒரே ஃப்ளாக்காக, பக்கத்தில் ஒவ்வொரு பாட்டும் எங்கே தொடங்குகிறது என்று குறித்த கியூ ஷீட்டோடு இருந்தால், கியூவைத் திறந்து மாற்றினால் போதும்: பாட்டுப் பாட்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் டேக்கும் போட்டுத் தரும்.

ஜோடிப் பாட்டில்தான் சிக்கல் வரும். ஃப்ளாக்கில் இரண்டு பாடகர்களை இரண்டு தனி ஆர்ட்டிஸ்ட் புலங்களாக வைப்பதுதான் முறை. எம்பி3யின் டேக் வடிவமான ஐடி3யின் வி2.4 பதிப்பில் இரண்டு பெயரும் ஒரே இடத்தில், நடுவே கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய எழுத்தோடு சேரும். பல கார் ஸ்டீரியோக்கள் அந்தப் பூஜ்யத்தைக் கண்டதும் பெயர் முடிந்தது என்று நிறுத்திவிடும். இரண்டாவது பாடகர் கோப்பில் இருந்தும் திரையில் வரமாட்டார். மூலத்தைத் தொடாமல் எம்பி3 நகல்களை மட்டும் தேர்ந்து, ப்ராப்பர்ட்டீஸில் ஆர்ட்டிஸ்ட் வரியை ரைட் கிளிக் செய்து, மற்றப் புலங்களிலிருந்து அமைக்கும் கட்டளையைத் திறந்து, இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே ஆர்ட்டிஸ்ட் என்று ஆங்கிலத்தில் கொடுங்கள். இரண்டு பெயரும் கமா போட்டு ஒரே பெயராக மாறிவிடும்.

தமிழ் எழுத்து கெட்டுப்போனால், திரையில் என்ன தெரிகிறது என்பதை வைத்தே காரணம் சொல்லிவிடலாம். கேள்விக்குறிகள் வரிசையாக வந்தால், எழுதும்போதே எழுத்து அழிந்துவிட்டது. தமிழ் எழுத்தே இல்லாத ஐஎஸ்ஓ-8859-1 குறியாக்கத்தில் டேக் எழுதப்பட்டிருக்கும், அல்லது பிளேயர் பழைய ஐடி3 வி1 டேக்கைப் படிக்கிறது. வி1 என்பது கோப்பின் கடைசியில் இருக்கும் வெறும் 128 பைட். பாட்டின் பெயருக்கு அதில் 30 பைட்தான், தமிழுக்கு இடமே கிடையாது. தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் மாறி மாறி வந்தால், டேக் தமிழைத் தாங்கும் நல்ல யுடிஎஃப்-8 குறியாக்கம்தான், பிளேயர்தான் தப்பாகப் படிக்கிறது. கட்டம் கட்டமாக வந்தால் அந்தக் கருவியில் தமிழ் எழுத்துருவே இல்லை. எந்த டேக் அமைப்பும் அதைத் தீர்க்காது, நகலில் ஆங்கில எழுத்தில் பெயர் வைப்பது ஒன்றே வழி.

முதல் இரண்டுக்கும் மருந்து எம்பி3டேக் என்ற இன்னொரு இலவச மென்பொருள். ஆப்ஷன்ஸ், டேக்ஸ், எம்பெக் என்று போய், எழுதும் இடத்தில் ஐடி3 வி2.3 யுடிஎஃப்-16 என்பதைத் தேர்ந்து, நகல்கள் அனைத்தையும் தேர்ந்து கண்ட்ரோல்-எஸ் அழுத்தினால் டேக் அந்த வடிவத்தில் திரும்ப எழுதப்படும். வி2.3 வந்தது 1999இல், வி2.4 அதற்கு அடுத்த ஆண்டு. ஆனாலும் பழைய கார் ஸ்டீரியோக்களுக்கு 2.3தான் பழக்கம். எழுதும்போதே அழிந்து கேள்விக்குறியான பெயரை மட்டும் ஃப்ளாக் மூலத்திலிருந்துதான் திரும்பக் கொண்டுவர வேண்டும், அங்கும் இல்லாவிட்டால் திரும்பப் பெற முடியாது. மூலத்தை அழிக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

அட்டைப்படத்தில் பேராசை வேண்டாம். ஐந்து நிமிடப் பாட்டு 190 கேபிபிஎஸ்ஸில் ஏறக்குறைய 7 எம்பி வரும். அதில் 3 எம்பி படத்தை ஒட்டினால் பன்னிரண்டு பாட்டுக்கு 36 எம்பி படத்துக்கே போய்விடும். 500க்கு 500 அளவில், ப்ரோக்ரஸிவ் (படிப்படியாகத் தெளிவாகும் வகை) அல்லாத சாதாரண ஜேபெக்காக இருந்தால் போதும். ப்ரோக்ரஸிவ் ஜேபெக்கைச் சில ஸ்டீரியோக்கள் காட்டுவதே இல்லை. பாட்டு வரிகளையும் ஒரு கண் பாருங்கள்: ஃப்ளாக்கில் ‘லிரிக்ஸ்’ என்ற பெயரில் இருப்பது எம்பி3யில் வரிகளுக்கு உரிய இடத்துக்குப் போகாமல் தனிப்புலமாக ஒதுங்கிவிடலாம். அப்படி ஆனால் எம்பி3டேக்கில் ‘அன்சிங்க்ட்லிரிக்ஸ்’ புலத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம்.

நூற்றுக்கணக்கான பாட்டை ஒரேயடியாக மாற்றுவதற்கு முன் இரண்டை மட்டும் மாற்றிச் சோதிக்க வேண்டும். ஃபூபாரில் மூல ஃப்ளாக்கையும் அதன் எம்பி3 நகலையும் சேர்த்துத் தேர்ந்து ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால், இரண்டிலும் ஒன்றாக இருக்கும் புலம் ஒரே மதிப்போடு வரும். வேறுபட்டது ‘மல்டிபிள் வேல்யூஸ்’ என்று வரும். எந்த விவரம் உதிர்ந்தது என்பது அந்த ஒரு ஜன்னலிலேயே தெரிந்துவிடும்.

கட்டளை வரியில் வேலை செய்பவர்கள் எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்று மென்பொருளை விரும்புவார்கள். ஃப்ளாக்கிலிருந்து எம்பி3க்கு அதுவும் நன்றாகவே டேக்கைக் கொண்டுபோகும். எம்பி3 போலவே சுருக்கிய இன்னொரு ஒலி வடிவமான ஓபஸ் என்றால் நிலைமை வேறு. ஓபஸில் டேக் கோப்பின் தலையில் இல்லாமல் ஒலி ஓடையில் இருப்பதாக அது கணக்கு வைப்பதால், அங்கிருந்து எம்பி3க்கு மாற்றும்போது ஓடையின் மெட்டாடேட்டாவை எடு என்று தனியாகச் சொல்ல வேண்டும். ஃபூபாரில் இந்தக் கவலை இல்லை. ஃபோனுக்கு ஓபஸ் போதும் என்றால் டேக்குக்கு அதுவே இன்னும் பாதுகாப்பு: ஃப்ளாக்கும் ஓபஸும் வோர்பிஸ் காமெண்ட் என்ற ஒரே டேக் முறையைப் பயன்படுத்துவதால் பாடலாசிரியர் உட்பட எல்லாம் பெயர் மாறாமல் போகும், இரண்டாவது பாடகரும் தனிப்புலமாகவே தங்குவார்.