சலூன் கருவிகளுக்கு எந்தக் கிருமிநாசினி? ஸ்பிரிட், ஹைப்போ, நீலத் தண்ணீர்: ஓர் ஒப்பீடு

ஞாயிற்றுக்கிழமை காலை பெங்களூரின் ஸ்ரீராம்புரத்திலோ அல்சூரிலோ ஒரு சலூனுக்குள் எட்டிப் பாருங்கள். பெஞ்சில் ஐந்தாறு பேர் காத்திருப்பார்கள். ஒரு தலையை விட்டு அடுத்த தலைக்குப் போகுமுன் சீப்புக்குக் கிடைக்கும் ஓய்வு அரை நிமிடம். கடையில் கிடைக்கும் திரவங்களில் பாதிக்குப் பத்து நிமிட ஊறல் வேண்டும். அதனால் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, உங்களிடம் எத்தனை செட் கருவி இருக்கிறது என்பதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

எந்தத் திரவமானாலும் முதல் வேலை சோப்பும் பிரஷும்தான். முடி, எண்ணெய், நுரை ஒட்டியிருந்தால் மருந்து உள்ளே இறங்காது. சோப்பை நன்றாக அலசி, ஈரம் துடைத்த பிறகே ஊறல்.

முடி வெட்டும் மெஷினுக்கு 70% ஐசோபுரோபைல் ஆல்கஹாலை, அதாவது ஸ்பிரிட்டை, மிஞ்ச ஆளில்லை. 99% இன்னும் வீரியமானது என்று வாங்குகிறார்கள், அது தவறு. கிருமியின் புரதத்தைக் குலைக்கத் தண்ணீர் கொஞ்சம் வேண்டும். தவிர, 99% நொடியில் ஆவியாகிவிடும். கையில் அதுதான் இருக்கிறதென்றால் 700 மில்லிக்கு 300 மில்லி டிஸ்டில்டு வாட்டர் சேருங்கள். மெஷினை அணைத்து, ஆறவிட்டு, பிளேடைக் கழற்றி முடியைத் தட்டுங்கள். பல் இடுக்கு நனையும்வரை ஸ்ப்ரே செய்து, ஒரு நிமிடமாவது ஈரமாகவே வைத்திருந்து, காய்ந்ததும் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். சூடான பிளேடில் அடித்தால் உடனே காய்ந்துவிடும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. கைக்குப் போடும் சானிடைசர் ஜெல் வேண்டாம்: அதிலுள்ள கிளிசரின் பிசுபிசுப்பில் முடித்தூள் அப்பிக்கொள்ளும். ரத்தக் கறை காய்ந்த இடத்தில் ஆல்கஹாலை நம்பாதீர்கள்.

சீப்பு, மெஷின் முனையில் மாட்டும் பிளாஸ்டிக் கார்டு, கத்தரிக்கு நீலத் தண்ணீர், அதாவது குவாட்டர்னரி அமோனியம் வகை. துருப்பிடிக்க வைப்பது குறைவு, வாடையும் குறைவு. கலவை அளவு பிராண்டுக்கு பிராண்டு மாறும். பார்பிசைடு என்றால் லிட்டருக்குச் சுமார் 60 மில்லி, ஊறல் 10 நிமிடம். இதை முறியடிப்பவை மூன்று: அலசாமல் விட்ட சோப்பு, ஜாடிக்குள் போட்ட பஞ்சு, கடினமான தண்ணீர். பெங்களூரில் மூன்றாவதுதான் வில்லன். போர்வெல், டேங்கர் தண்ணீரின் சுண்ணாம்புச் சத்து இந்த மருந்தின் வீரியத்தைத் தின்றுவிடும். காவேரித் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ எடுங்கள். தினமும் மாற்றுங்கள், நடுவில் முடி மிதந்தால் அப்போதே கொட்டுங்கள். கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கத்தரி பாதிதான் ஊறியிருக்கிறது.

ரத்தம் பட்டதற்கு ஹைப்போ. 5% சோடியம் ஹைப்போகுளோரைட் 100 மில்லி, தண்ணீர் 900 மில்லி சேர்த்தால் 0.5% கிடைக்கும்; 4% பாட்டில் என்றால் 125-க்கு 875. பத்து நிமிடம் போதும், விலையும் மலிவு. கேடு என்னவென்றால் இரும்பை அரிக்கும். இரவு முழுக்க ஊறவிட்ட கத்தரியில் பொடிப்பொடிக் குழிகள் விழும், முனை மழுங்கும். நேரம் முடிந்ததும் அலசி, துடைத்து, எண்ணெய் போடுங்கள். ஜன்னல் வெயிலில் வைத்த ஹைப்போ வீரியம் இழக்கும், கலக்கியதை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. பாத்ரூம் ஆசிட் கழுவியோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

டெட்டால், சாவ்லான் இரண்டும் முதன்மையாகத் தோலுக்கும் காயத்துக்கும் போடும் ஆன்டிசெப்டிக்; ஒரு மூடி ஊற்றிய வெள்ளைத் தண்ணீரில் சீப்பை முக்கி எடுப்பது மணத்துக்கு மட்டும்தான் உதவும். யூவி (புற ஊதா ஒளி) பெட்டி வாடிக்கையாளர் கண்ணுக்கு அழகு. ஒளி நேரே படும் பரப்பில் மட்டும் வேலை செய்யும். மூடிய கத்தரியின் உள்பக்கமும் அடியிலிருக்கும் சீப்பும் நிழலில் கிடக்கும். சுத்தம் செய்ததை எடுத்து வைக்கும் அலமாரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். பெடிக்யூர் நிப்பர் போலத் தோலைக் கீறும் உலோகத்துக்கு அழுத்த நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவ்தான் சரி: 121 டிகிரி, 15 பிஎஸ்ஐ அழுத்தம், குறைந்தது 15 நிமிடம். கொதிக்க வைப்பது அதற்கு ஈடல்ல. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஸ்போர்கள் (சில பாக்டீரியாக்களின் கெட்டி ஓட்டு உறக்க வடிவம்) அதற்கு அசையாது.

இப்போது செட் கணக்கு. ஒரு கட்டிங் 20 நிமிடம், கழுவி ஊறவைத்து உலர்த்த 15 நிமிடம் என்றால் நாற்காலிக்கு இரண்டு செட் போதும். கைதவறிக் கீழே விழுவதற்காக மூன்றாவது. இந்தச் சீப்புகளுக்கு ஆகும் செலவுதான் யூவி பெட்டியைவிட உருப்படியான செலவு.

ஷேவிங் கத்தியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு புது பிளேடு போடுகிறோம் என்பார்கள். ஆனால் பிளேடு உட்காரும் பள்ளத்தை விரித்துப் பாருங்கள், பழைய நுரையும் ரத்தமும் காவி நிறத்தில் கெட்டித்திருக்கும். ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த பரப்பில் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். பழைய பிளேடைக் கூர்முனைக் கழிவுக்கான கெட்டி டப்பாவில் போட்டு, டூத் பிரஷால் பள்ளத்தையும் கீலையும் தேய்த்து, விரித்தபடியே 0.5% ஹைப்போவில் 10 நிமிடம் வையுங்கள். எவர்சில்வர் ஹோல்டர் வாங்கினால் துரு தாமதமாகும். பத்து முகம் பார்த்த படிகாரக் கட்டியை இதே மேஜையில் வைக்காதீர்கள். வெட்டுப்பட்டால் படிகாரப் பொடி, புதுப் பஞ்சு.