ஆடிட்டிங் அடிப்படை: ஆபீஸில் கற்பதா, கோச்சிங்கிலா, புத்தகத்திலா?

பி.காம். முடித்த தம்பிகள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன். மதுரையில் மூன்று வழியிலும் கொஞ்ச கொஞ்ச நாள் கிடந்தவன் நான்.

முதலில் ஆடிட்டர் ஆபீஸ். சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்தது ஒரு பச்சைப் பேனாதான். கீழமாசி வீதி வத்தல் கடை ஒன்றின் வவுச்சர் (செலவுக்கான ரசீதுச் சீட்டு) கட்டைப் பிரித்து, ரொக்கப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து டிக் போட வேண்டும். சாக்கு வாங்கியதாக 9,800, 9,700, 9,900 என்று மூன்று வவுச்சர். தொகை சரி, தேதி சரி, டிக். சீனியர் அண்ணன் மூன்றையும் மேஜையில் பக்கம் பக்கமாக வைத்து, "இப்பப் பாருப்பா" என்றார். ஒரே தேதி, மூன்று பெயர், கையெழுத்து மட்டும் ஒருவருடையது. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், பொதுவாக வருமான வரியில் அந்தச் செலவை ஏற்க மாட்டார்கள். அதிலிருந்து தப்பிக்க ஒரே தொகையை மூன்றாக உடைத்தார்களோ என்று சந்தேகம். உடனே குற்றம் சொல்லாமல், சாக்கு வந்து இறங்கியதற்கு என்ன ஆதாரம் என்று கடையில் கேட்கச் சொன்னார். இந்தக் கண் வேறெங்கும் வராது.

ஆனால் ஏன், எதற்கு என்று ஆபீஸில் யாரும் சொல்வதில்லை. சி.ஏ. இன்ஸ்டிட்யூட் பாடநூலைத் திறந்த பிறகுதான் டிக் போடுவதற்கும் திசை உண்டு என்று தெரிந்தது. கணக்கில் இருந்து வவுச்சருக்குப் போனால் நடக்காத செலவு மாட்டும். வவுச்சரில் இருந்து கணக்குக்கு வந்தால் எழுதாமல் விட்டது மாட்டும். அதுவரை ஆறு மாதம் எந்தத் திசையில் போகிறேன் என்றே தெரியாமல் பேனா மையைத் தீர்த்திருக்கிறேன். அந்தப் பாடநூல் இன்ஸ்டிட்யூட் இணையதளத்தில் இலவசம்.

கோச்சிங் பரீட்சைக்கு உதவும். சி.ஏ.வின் இரண்டாம் கட்டத் தேர்வான இன்டர் எழுதுபவருக்கு அது தேவைதான். வேலை கற்க நினைப்பவர் அங்கே பணம் கட்ட வேண்டாம் என்பேன்.

என் கட்சி புத்தகம் முதலில், ஆபீஸ் அடுத்து. தணிக்கைத் தரநிலைகளில் சான்று பற்றிய 500, வெளியாரிடம் உறுதி கேட்கும் 505, மாதிரி எடுக்கும் 530 இந்த மூன்றையும் ஒரு மாதம் படியுங்கள். சி.ஏ. படிப்பவருக்கு ஆர்ட்டிக்கிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் இருந்து பெறும் கட்டாயப் பயிற்சி, 2023 புதிய திட்டத்தில் 3 வருடத்திலிருந்து 2 ஆகிவிட்டது. அங்கே போய் அடிப்படை கற்க நேரம் குறைவு.

ஆபீஸில் சேர்வதை ஏப்ரல், மே மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வரித் தணிக்கைக்குச் செப்டம்பர் 30 கெடு. அது நெருங்கும்போது போய் நின்றால் டீ வாங்கத்தான் அனுப்புவார்கள்.