மின்வெட்டிலும் வேலை நிற்காத ஸ்ரிங் மெசின்: எடை இழுவை மெசினின் நெடுநாள் பாவனை

2022 மார்ச் 31இல் இலங்கையில் மின்வெட்டு 13 மணித்தியாலம். பூப்பந்து றக்கெற்றுக்கு ஸ்ரிங் கட்டும் மின் மெசினுக்கு அப்படிப்பட்ட நாளில் துணி போட்டு மூடுவதைத் தவிர வேறு வழியில்லை. யுபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கும். ஆனால் அடுத்த வெட்டுக்கு முன் பற்றரி நிரம்பாது. தண்டில் எடையை மாட்டி, அது விழும் பாரத்தால் இழையை இழுக்கும் பழைய வகை மெசினுக்கு பிளக்கே கிடையாது. யாழ்ப்பாணத்துச் சின்ன விளையாட்டுப் பொருள் கடை ஒன்றுக்கு அந்த வருசம் முழுக்கக் கைகொடுக்கக்கூடியதாக இருந்தது இதுதான். குறை இல்லாத மெசின் என்று சொல்ல வரவில்லை.

இழுவையில் பெரிய குறை இல்லை. தண்டு கிடையாக நிற்கும்போதுதான் குறித்த அளவு சரி. ஆனால் 10 பாகை ஏறியோ இறங்கியோ நின்றாலும் குறைவது 1.5 வீதம்தான். அதற்காக ஒவ்வொரு இழையையும் மறுபடி இளக்கிப் பிடித்து மினக்கெட வேண்டாம். 30 பாகை என்றால் 13 வீதம் போய்விடும், அதை விடக்கூடாது. தண்டில் பொறித்திருக்கும் இலக்கத்தை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். மீன் நிறுக்கும் டிஜிற்றல் தூக்குத் தராசைத் துண்டு ஸ்ரிங்கில் கட்டி இழுத்துப் பாருங்கள்: 24 இறாத்தலுக்கு 10.9 கிலோ காட்ட வேண்டும். கைப்பிடி சுற்றி இழுத்துப் பூட்டும் மெசினில் பூட்டியவுடன் இழை தளரத் தொடங்கும். இதில் எடை இழுத்துக்கொண்டே இருப்பதால், அதே இலக்கத்தில் கட்டினாலும் இந்த றக்கெற் சற்று இறுக்கமாக இருக்கும். வேறு கடையில் 25இல் கட்டிப் பழகியவருக்கு இங்கே 23 சொல்லிப் பாருங்கள்.

மெசின் காலை வாருவது, இழுத்த இழை தளராமல் கவ்விப் பிடிக்கும் கிளாம்பில். மலிவான மெசினோடு வருவது இரண்டு இழையைச் சேர்த்துக் கவ்வும், தளத்தோடு பொருத்தாத கிளாம்ப். இழுவையை விட்டதும் அது சாயும், சாய்ந்த அளவுக்கு இழை தளரும். 0.70 மில்லிமீற்றர் தடிப்புள்ள பிஜி 65 ஸ்ரிங்குக்குச் சரிசெய்த இறுக்கத்தில் 0.66 தடிப்பு இழை வழுக்கும். வழுக்குகிறதென்று திருகை முறுக்கினால் பூச்சு நசுங்கி, அந்த இடத்திலேயே பிறகு அறும். தடிப்பு மாறும்போதெல்லாம் திருகையும் மாற்ற வேண்டும். சோழகம் எனும் தென்மேற்குக் காற்று கிளம்பினால் புழுதியும் ஸ்ரிங்கின் மெழுகும் சேர்ந்து கிளாம்ப் பல்லில் அப்பிக்கொள்ளும். ஸ்பிரிற் தோய்த்த பழைய பற்தூரிகையால் பத்து றக்கெற்றுக்கு ஒருமுறை தேய்க்க வேண்டும். உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் தண்டவாளக் கம்பிக்குத் தையல் மெசின் எண்ணெய் நல்லது. அதே துணியால் கிளாம்ப் பல்லைத் துடைத்தீர்களோ, அன்றைய வேலை முழுக்க வழுக்கும்.

நெடுக்கு 22 இழை. நடுவில் தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி இழுங்கள். ஒரு பக்கம் மற்றதை மூன்று இழைக்கு மேல் முந்தக்கூடாது. நெடுக்கு மட்டும் இறுகிய சட்டம் நீளத்தில் சுருங்கி அகலத்தில் விரியும். குறுக்கு விழுந்தால்தான் பழைய உருவத்துக்கு வரும். அதனால் இருட்டிவிட்டது, மிச்சம் நாளைக்கு என்று பாதியில் வைக்கக்கூடாது. முடிக்க முடியாதென்றால் நெடுக்கை வெட்டிவிடுங்கள். ஸ்ரிங்கின் விலை போனாலும் சட்டம் தப்பும். குறுக்கை 2 இறாத்தல் கூட்டிக் கட்டலாம். முடிச்சைக் கையால் இறுக்குங்கள், எடையால் இழுத்தால் குறோமற் (சட்டத் துளையில் செருகிய பிளாஸ்ரிக் குழல்) உள்ளே போய்விடும். பழகிய கைக்கு ஒரு றக்கெற் முக்கால் மணித்தியாலம், புதியவருக்கு இரட்டிப்பு. ரீவியில் பார்த்துவிட்டு 28 கேட்டு வரும் பிள்ளைகளுக்குச் சட்டத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைக் காட்டுங்கள். பாடசாலைப் பிள்ளைக்கு 22 தாராளம்.

இனிக் காசுக் கணக்கு. 2022 மார்ச் 7இல் ரூபாவை மிதக்கவிட்டபின், 200 அளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. 200 மீற்றர் றோலில் 10 மீற்றர்ப்படி 20 றக்கெற் கட்டலாம். வாங்கிய விலையை வைத்து 20க்கும் காசு எடுத்தால், அந்தக் காசுக்கு அடுத்த றோலில் 11 றக்கெற்றுக்கான ஸ்ரிங்தான் வரும். லாபம் என்று நினைத்தது போட்ட முதலீட்டில் கிட்டத்தட்டப் பாதியைத் தின்றிருக்கும். ஆகவே ஸ்ரிங்குக்கு அன்றைக்கு மறுபடி வாங்கும் விலை, கூலி தனி, இரண்டையும் பில்லில் பிரித்து எழுதுங்கள். சொந்த ஸ்ரிங் கொண்டுவருபவரிடம் கூலி மட்டும். விலை ஏறியதற்குக் கோபப்படுபவரும் பிரித்துக் காட்டினால் அடங்குவார். நிறம் நிறமாக றோல் வைக்கும் ஆசை வேண்டாம், வெள்ளை ஒன்றும் மஞ்சள் ஒன்றும் காணும்.

புது றக்கெற் விற்பனை படுத்தால் பழுது வேலை எழும்பும். கிரிக்கெற் துடுப்புக்குப் பிடி நூல் சுற்றுவது, றப்பர் மாற்றுவது எல்லாம் அதே மேசையில் முடியும். வடக்கின் பெரும் போர் எனும் பாடசாலைக் கிரிக்கெற் போட்டி நெருங்கும் மாதங்களில் அந்த வேலைதான் கூட. வெடித்த இடத்தில் மரப்பசை விட்டு இறுக்கி 24 மணித்தியாலம் வைக்காமல் கொடுத்தால் முதல் பந்திலேயே பிளக்கும்.

எரிபொருளும் கணக்கில் வரும். 2022இல் கியூஆர் முறையில் எரிபொருள் பங்கீடு தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், பெற்றோல் லீற்றர் 450 ரூபா. பருத்தித்துறை போய்வர எழுபது கிலோமீற்றர் அளவு. ஒவ்வொரு றக்கெற்றுக்கும் ஓடினால் கட்டுபடியாகாது. அங்கே ஒரு கடையில் சேர்த்துவைத்து, குறித்த நாளில் பஸ்ஸில் எடுப்பதே தோது. றக்கெற்றில் பெயரோடு இறாத்தலும் எழுதிய துண்டு கட்டாவிட்டால் கலந்துபோகும்.

புதிதாக வாங்குபவர் தளத்தோடு பொருந்திய கிளாம்பும் ஆறு இடத்தில் சட்டத்தைத் தாங்கும் பிடியும் உள்ளதை எடுங்கள், விலை கூடினாலும். இரண்டே இடத்தில் தாங்குவது மெல்லிய காபன் சட்டத்துக்கு ஆபத்து. மேலதிகமாக ஒரு சோடி கிளாம்ப், ஒரு பிடி குறோமற், ஊசி முனைக் குறடு. அறுந்த ஸ்ரிங்கோடு றக்கெற்றை வெயிலில் விடாமல், மிச்ச இழைகளை நடுவிலிருந்து வெளிநோக்கி உடனே வெட்டச் சொல்லி வாசலில் ஒரு மட்டை எழுதி மாட்டுங்கள்.