கற்புச் சபதம் எடுத்த நான்கு படங்கள்: எதை முதலில் பார்ப்பது?

டென்மார்க் இயக்குநர் சோரென் க்ராக்-யாகப்சன் 'மிஃபுனே' படத்தை முடித்ததும் பாவமன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதினார். பக்கத்து வீட்டுக் கோழிகளை விரட்டிவந்து படத்தில் சேர்த்துக்கொண்டதும் அவர் ஒப்புக்கொண்ட பாவங்களில் ஒன்று. வேடிக்கையாகத் தோன்றினாலும், கடும் விதிகளுக்குள் எளிமையாகப் படமெடுக்கக் கிளம்பிய டாக்மே 95 என்ற டென்மார்க் சினிமா இயக்கத்தின் குணம் முழுவதும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. விதியும் உண்டு, மீறலும் உண்டு, மீறியதற்கு வாக்குமூலமும் உண்டு.

1995 மார்ச்சில், சினிமாவின் நூற்றாண்டை ஒட்டிப் பாரிஸில் நடந்த கூட்டத்தில் இயக்குநர் லார்ஸ் வான் ட்ரையர் சிவப்புத் துண்டறிக்கைகளை வீசியெறிந்தார். அவரும் இன்னொரு இயக்குநர் தாமஸ் விண்டர்பெர்க்கும் சேர்ந்து அறிவித்த 'கற்புச் சபதம்' அதில் இருந்தது. செட் போடக் கூடாது, சாமான்களை வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது, பின்னணி இசையைப் பிறகு சேர்க்கக் கூடாது, கேமரா கையில்தான் இருக்க வேண்டும், தனி விளக்கு கூடாது, கொலையும் துப்பாக்கியும் கூடாது என்று மொத்தம் பத்து விதிகள். இயக்குநரின் பெயர் திரையில் வரக் கூடாது என்பது பத்தாவது. பெயர் போடாமலே இவ்வளவு பெயர் வாங்கியவர்கள் சினிமாவில் குறைவு.

உண்மையான போட்டி டாக்மேயின் முதல் இரண்டு படங்களுக்கு இடையில்தான். விண்டர்பெர்க்கின் 'ஃபெஸ்டன்', வான் ட்ரையரின் 'தி இடியட்ஸ்' இரண்டும் 1998 கான் திரைப்பட விழாவில் போட்டியிட்டன. நடுவர் பரிசில் பங்கு பெற்றது 'ஃபெஸ்டன்'. என் ஓட்டும் அதற்குத்தான்.

காரணம் கேமராவில் இருக்கிறது. தந்தையின் 60ஆவது பிறந்தநாளுக்காகக் குடும்பம் ஒரு பெரிய மாளிகையில் கூடுகிறது. ஒளிப்பதிவாளர் ஆண்டனி டாட் மேண்டல் கையில் இருந்தது, அப்படி ஒரு விருந்துக்கு யாரோ ஒரு சித்தப்பா எடுத்துவரக்கூடிய சின்ன வீடியோ கேமரா. அதனால் படத்தின் நடுக்கம் உத்தியாகத் தெரிவதில்லை. பந்தியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் பார்வையாகிவிடுகிறது. மூத்த மகன் கிறிஸ்டியன் கோப்பையைத் தட்டிவிட்டு எழுந்து, பச்சைத் தாளா மஞ்சள் தாளா என்று தந்தையிடம் கேட்கிறான். அவர் பச்சையைத் தேர்ந்தெடுக்கிறார். தன்னையும், இறந்துபோன இரட்டைச் சகோதரியையும் தந்தை சிறுவயதில் என்ன செய்தார் என்பதை அவன் வாழ்த்துரையின் தொனியிலேயே சொல்லி முடிக்கிறான். கூச்சலும் இல்லை, அழுகையும் இல்லை. சிறிது நேரம் பேச்சு மூச்சில்லை, அப்புறம் விருந்து தொடர்கிறது! சமையல்கட்டில் இருப்பவர்கள் விருந்தாளிகளின் கார் சாவிகளை எடுத்து ஒளித்துவைத்துவிட, யாராலும் கிளம்ப முடியவில்லை. வெளியே போக வழியில்லாத விருந்து, செட்டுக்கும் விளக்குக்கும் தப்பிப் போக முடியாத படம். விதிகளும் கதையும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. ஒரு ஜன்னலுக்குத் துணி கட்டியதாகவும், இல்லாத வரவேற்பு மேசையைக் கட்டிவைத்ததாகவும் விண்டர்பெர்க் பின்னர் ஒப்புக்கொண்டார். மன்னித்துவிடலாம்.

(டாட் மேண்டல் பிறகு 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கினார். ஏ.ஆர். ரஹ்மான் இரண்டு ஆஸ்கர் வாங்கிய அதே படம், அதே மேடை.)

'தி இடியட்ஸ்' இன்னும் கறாரான படம். பெரும்பகுதிக்குக் கேமராவைப் பிடித்தவர் வான் ட்ரையரே. சில காட்சிகளில் ஒலிவாங்கியும் படக்குழுவினரும் கண்ணில் படுகிறார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. கோபன்ஹேகன் புறநகரில் ஒரு வீட்டில் தங்கியிருக்கும் இளைஞர் கும்பல், ஊர் நடுவே மனவளர்ச்சி குன்றியவர்களைப் போல நடித்து 'உள்ளே இருக்கும் முட்டாளை'த் தேடுகிறது. இந்த நடிப்பு பார்ப்பவரைக் கூச வைக்கும். கூச வைப்பதுதான் நோக்கம். ஆனால் நடுவில் வரும் பகுதியில் படம் தன் குறும்பைத் தானே ரசித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறது. எனக்கு அலுத்தது. கடைசிக் காட்சி அந்த அலுப்பையெல்லாம் துடைத்துவிடுகிறது. குழந்தையைப் பறிகொடுத்து, அடக்கத்துக்கும் வராமல் போன காரென் வீட்டுக்குத் திரும்பி, குடும்பத்தின் முன் காபி மேசையில் அமர்ந்து கேக்கை வாயிலிருந்து வழியவிடுகிறாள். கணவன் அறைகிறான். விளையாட்டாகத் தொடங்கியதை உண்மையாகச் செய்தவள் அவள் ஒருத்திதான். அந்தச் சில நிமிடங்களை மட்டும் வைத்துத் தராசில் நிறுத்தினால் 'ஃபெஸ்டன்' தோற்றுவிடும்.

இன்னொரு வினோதம்: விதிகளை இவ்வளவு பிடிவாதமாகக் காத்த இந்தப் படத்தின் ஒளியைத்தான் தயாரிப்புத் தரப்பு இயக்குநருக்குத் தெரியாமல் திருத்தியிருந்தது. வான் ட்ரையர் கொதித்துப்போனார்.

மற்ற இரண்டைச் சுருக்கமாகவே சொல்லலாம். கோழி விரட்டிய 'மிஃபுனே' (1999), நகரத்து மாப்பிள்ளை ஒருவன் தான் மறைத்துவைத்த கிராமத்துப் பண்ணைக்குத் திரும்பும் கதை. இதமான படம், ஆனால் டாக்மே முத்திரை இல்லாமல் எடுத்திருந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும். லோனே ஷெர்ஃபிக்கின் 'இட்டாலியன் ஃபார் பிகினர்ஸ்' (2000), வகைப்படம், அதாவது காதல் நகைச்சுவை, த்ரில்லர் போன்ற வார்ப்பில் எடுக்கும் படம், கூடாது என்ற டாக்மே விதியைச் சிரித்துக்கொண்டே தாண்டிய காதல் நகைச்சுவை. முடி வெட்டிக்கொள்ள வரும் ஒருவனுக்கு ஒவ்வொரு முறையும் ஏதாவது குறுக்கிட்டு வேலை பாதியிலேயே நின்றுபோகிறது. அதற்குள் முடிதிருத்தும் பெண் மீது காதல் வந்துவிடுகிறது. பளபளப்பான ஒளி இல்லாததால் இந்த மனிதர்களின் தனிமை பொய்யாகத் தெரிவதில்லை. அந்த வகையில் 'மிஃபுனே'யைவிட இது ஒரு படி மேல்.

ஆகவே முதலில் 'ஃபெஸ்டன்'. அதன் கனம் தாங்காமல் போனால் மறுநாள் 'இட்டாலியன் ஃபார் பிகினர்ஸ்' பார்த்து ஆறிக்கொள்ளலாம். 'மிஃபுனே' ஒரு ஞாயிறு மதியத்துக்குப் போதும். 'தி இடியட்ஸ்' கடைசியில், அதுவும் தனியாக. பச்சையான பாலுறவுக் காட்சிகள் உள்ள படம், வீட்டுப் பெரியவர்கள் கூடத்தில் இருக்கும்போது போட்டுவிடாதீர்கள்.